சீரியல் போர்ட் எங்கே என்று ஃபர்ம்வேரையே கேளுங்கள்: சொந்தக் கெர்னல் எழுதுவோருக்கு முழுமையான வழிகாட்டி

சொந்தமாகக் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதத் தொடங்கும் பலரும், எழுத்துகளைக் கம்பி வழியே அனுப்பும் சீரியல் போர்ட்டான காம்1 ஹெக்ஸ் 3எஃப்8 என்ற முகவரியில் இருக்கிறது என்று கோடில் நேராகவே எழுதிவிடுகிறார்கள். கணினியை மென்பொருளாலேயே உருவாக்கிக் காட்டும் க்யூஎமுவில் எழுத்து வரும். பழைய மேசைக் கணினியிலும் வரும். அப்புறம் அதே கெர்னலை ஒரு ஆர்ம் போர்டுக்குக் கொண்டுபோனால் மூச்சே இல்லை. கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் படிக்கும் பெடியளும் வவுனியாப் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் கொண்டுவரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணை, க்யூஎமுவில வேலை செய்யுது, போர்டில ஒண்டுமே வரேல்லை."

முகவரியை ஊகிக்காமல், கணினியைத் தொடக்கி வைக்கும் ஃபர்ம்வேரிடம் கேட்பதுதான் வழி. பிசி, சேர்வர் வகைகளில் வன்பொருளை விவரிக்கும் ஏசிபிஐ அட்டவணைகள் இருக்கும்; சிறு போர்டுகளில் அதே வேலையைச் செய்யும் டிவைஸ் ட்ரீ என்ற தரவு இருக்கும். தகவல் இரண்டிலும் தெளிவாகவே கிடக்கிறது. சிக்கல் வேலை செய்யும் வரிசையில்தான். பிழையை எழுதிக் காட்ட வேண்டிய கருவியையே நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒரு படி முன்பின் ஆனால் எங்கே பிழைத்தது என்று தெரியவே தெரியாது.

கீழே ஹெக்ஸ் எண்களுக்கு முன்னால் ஹெக்ஸ் என்று போட்டிருக்கிறேன். மற்றவை எல்லாம் தசம எண்கள்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

க்யூஎமுவில் எக்ஸ்86, ஆர்ம் 64, ரிஸ்க்-வி ஆகிய மூன்றையும் நிறுவுங்கள். ஒன்றில் மட்டும் சோதித்தால் அந்த ஒன்றின் பழக்கத்தையே கெர்னலும் பழகிக்கொள்ளும். ஏசிபிஐ அட்டவணையைப் பிரித்தும் சேர்த்தும் தரும் ஐஏஎஸ்எல் என்ற கருவியும் வேண்டும். போன் டேட்டாவில் வேலை செய்பவர்கள் இவற்றையும் ஏசிபிஐ, டிவைஸ் ட்ரீ விவரக்குறிப்புகளையும் முதலே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் படிக்கக் கையில் ஏதாவது இருக்கும்.

கேபிளில் கவனம் தேவை. மேசைக் கணினியின் 9 பின் போர்ட் ஆர்எஸ்232 வகை. அதில் மின்னழுத்தம் நேரிலும் எதிரிலும் 15 வோல்ட் வரை போகலாம். சிறு போர்டின் பின்கள் பெரும்பாலும் 3.3 வோல்ட் டிடிஎல். கடையில் இரண்டையுமே "யூஎஸ்பி சீரியல் கேபிள்" என்றுதான் எடுத்துத் தருவார்கள். எது என்று கேட்டு வாங்குங்கள். ஆர்எஸ்232 கேபிளைப் போர்டின் பின்னில் நேரே செருகினால் போர்ட் எரிந்துபோகலாம், சில வேளை முழுப் போர்டுமே போய்விடும். இரண்டு கணினிகளை இணைப்பதானால் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் மாறியிருக்கும் நல்-மோடம் கேபிள் வேண்டும். எந்த வகையானாலும் கிரவுண்ட் கம்பியை விடக்கூடாது.

கடைசியாக, கெர்னல் ஓடப்போகும் அதே கணினியில் ஒரு லினக்ஸ் லைவ் பென்டிரைவைப் போட்டு ஏசிபிஐ அட்டவணைகளைப் படியெடுங்கள். சீரியல் கன்சோலின் விவரம் தரும் எஸ்பிசிஆர் என்ற அட்டவணை இருந்தால் ஐஏஎஸ்எல்லால் பிரித்து, முகவரி என்ன, வகை என்ன என்று தாளில் எழுதி வையுங்கள். சரியான விடை முதலே தெரிந்தால்தான் உங்கள் கோட் சொல்வது சரியா என்று பார்க்கலாம்.

2. சீரியலுக்கு முன்னால் ஒரு நினைவக லாக்

4 கேபியோ 16 கேபியோ, நிலையான ஓர் அரே வைத்து, கெர்னலின் செய்திகள் எல்லாம் முதலில் அதில் விழும்படி செய்யுங்கள். நினைவக ஒதுக்கீட்டை இதற்கு நம்ப வேண்டாம், அது இன்னும் உயிர் பெறவில்லை.

சீரியல் கிடைத்த கணத்தில் அந்த அரேயில் சேர்ந்திருப்பதை முழுவதும் கொட்டலாம். கிடைக்காமல் போனால் க்யூஎமுவின் மானிட்டரிலிருந்தோ டீபகர் மூலமோ அதே முகவரியைப் படித்துப் பார்க்கலாம். இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்கள்தான் பிறகு அதிக நேரம் இருட்டில் தடவுகிறார்கள். அரை மணி நேர வேலை, செய்துவிட்டுப் போங்கள்.

3. ஃபர்ம்வேர் தந்த சுட்டியைப் பத்திரப்படுத்துதல்

கெர்னல் தொடங்கும் கணத்தில் ஃபர்ம்வேரோ பூட்லோடரோ ஒரு முகவரியைக் கையில் தருகிறது. முதல் வேலை அதைப் பிடித்து வைப்பது.

புதிய வகை ஃபர்ம்வேரான யூஇஎஃப்ஐ வழியில் வந்தால், ஏசிபிஐ அட்டவணைகளுக்கு வழிகாட்டும் தொடக்கக் கட்டமைப்பான ஆர்எஸ்டிபியின் முகவரி அதன் கான்ஃபிகரேஷன் டேபிளில் இருக்கும். பூட் சேவைகளை மூடுமுன் எடுத்துக்கொள்வது எளிது. பழைய பயாஸ் வழியானால் தேட வேண்டும்: விரிவுபடுத்திய பயாஸ் தரவுப் பகுதியின் முதல் 1 கேபியிலும், 1 எம்பிக்குக் கீழேயுள்ள கடைசி 128 கேபியிலும், 16 பைட் எல்லைகளில் மட்டும். தேடும் அடையாளம் 8 பைட். கடைசி எழுத்து ஒரு வெற்றிடம். அந்த வெற்றிடத்தை விட்டுவிட்டு 7 எழுத்தோடு நிறுத்துபவர்கள் உண்டு. யூஇஎஃப்ஐ கணினியில் அந்தப் பழைய இடங்களில் தேடவே வேண்டாம்.

ரிஸ்க்-வியில் டிவைஸ் ட்ரீயின் முகவரி ஏ1 ரெஜிஸ்டரில் வருகிறது. ஆர்ம் 64 இல் லினக்ஸ் இமேஜ் வடிவத்தில் பூட் செய்தால் எக்ஸ்0 இல் வரும். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள்: க்யூஎமுவின் ஆர்ம் விர்ட் இயந்திரத்துக்குக் கெர்னலை வெறும் ஈஎல்எஃப் கோப்பாகக் கொடுத்தால் எக்ஸ்0 இல் எதுவும் வராது. அப்போது டிவைஸ் ட்ரீ ராமின் தொடக்கத்தில், அதாவது ஹெக்ஸ் 40000000 இல் இருக்கும்.

சுட்டியை எடுத்ததும் அது காட்டும் நினைவகத்தையும் ஒதுக்கி வையுங்கள். பயாஸ் தரும் நினைவக வரைபடத்தில் வகை 3 என்பது ஏசிபிஐ அட்டவணைகள் இருக்கும் பகுதி. அதை வெறும் இடம் என்று ஒதுக்கீட்டாளரிடம் கொடுத்துவிட்டால் ஒரு நாள் வேலை செய்யும், கெர்னல் சற்றுப் பெருத்ததும் அட்டவணை அழிந்துபோகும். அந்த வகைப் பிழையைத் துரத்துவது மிகக் கடினம்.

4. அட்டவணைகளில் நடந்து போவது

ஆர்எஸ்டிபியின் முதல் 20 பைட்டுகளைக் கூட்டினால் கடைசி 8 பிட்டும் பூச்சியமாக வர வேண்டும். ரிவிஷன் 2 அல்லது அதற்கு மேல் என்றால் அது 36 பைட் நீளம். அதற்கும் தனியாக ஒரு செக்சம் உண்டு. அப்படியானால் மற்ற அட்டவணைகளின் முகவரிப் பட்டியலான எக்ஸ்எஸ்டிடியைப் பயன்படுத்துங்கள், சுட்டிகள் 64 பிட். ரிவிஷன் 0 என்றால் அதன் பழைய வடிவமான ஆர்எஸ்டிடி, சுட்டிகள் 32 பிட்.

ஒவ்வொரு அட்டவணைக்கும் 36 பைட் ஹெடர். முதலில் அந்த 36 பைட்டை மட்டும் மேப் செய்து நீளத்தைப் படியுங்கள். அப்புறம் முழு நீளத்தையும் மேப் செய்து செக்சம் பாருங்கள். ஒரே தடவையில் ஒரு பேஜை மேப் செய்துவிட்டு முழுவதும் வந்துவிட்டது என்று நினைத்தால், பேஜ் எல்லையைத் தாண்டும் அட்டவணையில் கெர்னல் விழும்.

எக்ஸ்எஸ்டிடியின் 8 பைட் சுட்டிகள் 36 ஆவது பைட்டில் தொடங்குகின்றன. 36 ஐ 8 ஆல் வகுத்தால் மீதி வரும், ஆகவே அவை சீரான எல்லையில் இல்லை. எக்ஸ்86 இதைப் பொறுத்துக்கொள்ளும். ஆர்மில், முகவரிகளை மொழிபெயர்க்கும் எம்எம்யு இன்னும் போடாத நிலையில் இப்படிப் படித்தால் தவறு எழும். பைட் பைட்டாகப் படித்து எண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. எஸ்பிசிஆர் அட்டவணையைப் படித்தல்

வேலையின் மையம் இதுதான், நிதானமாகச் செய்யுங்கள். எஸ்பிசிஆர் என்பது ஃபர்ம்வேர் தன் கன்சோலுக்குப் பயன்படுத்திய சீரியல் போர்ட்டின் விவரம். ஹெடருக்குப் பிறகு வருபவற்றில் நமக்கு வேண்டியவை: 36 ஆவது பைட்டில் போர்ட்டின் வகை, 40 இல் 12 பைட் நீளமான முகவரிக் கட்டமைப்பு, 52 இல் இன்டரப்ட் வகை, 53 இல் பழைய ஐஆர்க்யூ எண், 54 இல் 4 பைட் இன்டரப்ட் எண், 58 இல் பாட் ரேட்டுக்கான (அனுப்பும் வேகத்துக்கான) குறியீடு, 76 இல் கடிகார வேகம்.

54 ஆவது பைட்டில் ஒரு 4 பைட் எண் இருப்பதைக் கவனியுங்கள். சி மொழியில் சாதாரண ஸ்ட்ரக்ட் எழுதினால் கம்பைலர் இடையில் வெற்றுப் பைட்டுகளைச் செருகும், அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே நழுவும். பேக் செய்த ஸ்ட்ரக்ட் எழுதுங்கள், அதன் மொத்த நீளம் 80 தானா என்று கம்பைல் நேரத்திலேயே சரிபாருங்கள். புதிய ரிவிஷன்களில் அட்டவணை 80 ஐ விட நீளமாக வரலாம். ஆகவே "80 க்குக் குறையக்கூடாது" என்று சோதியுங்கள், "80 ஆகவே இருக்க வேண்டும்" என்று சோதிக்காதீர்கள்.

முதலில் ரிவிஷனைப் பாருங்கள். ரிவிஷன் 1 இல் வகை 0 என்றால் 16550, 1 என்றால் 16450 (இரண்டும் பிசியின் சீரியல் சில்லு வகைகள்). ரிவிஷன் 2 இலிருந்து வகைப் பட்டியல் நீண்டது: 3 என்றால் ஆர்மின் பிஎல்011, 14 என்றால் ஆர்ம் சேர்வர் தரமான எஸ்பிஎஸ்ஏவின் பொது யுஆர்ட் (யுஆர்ட் என்பது சீரியல் சில்லு), 18 என்றால் முகவரிக் கட்டமைப்பில் சொன்னபடி நடக்கும் 16550. கடிகார வேகம் ரிவிஷன் 3 இலிருந்துதான் பொருளுள்ளது. அதற்கு முன் அந்த 4 பைட் வெறும் இடம், அதை நம்பி வகுத்தலில் இறங்கினால் பூச்சியத்தால் வகுத்து நிற்பீர்கள்.

அடுத்தது முகவரிக் கட்டமைப்பு. முதல் பைட் 0 என்றால் நினைவக முகவரி, 1 என்றால் ஐஓ போர்ட். 1 ஆக இருக்கும்போது அதைப் பேஜ் டேபிளில் மேப் செய்வது மிகப் பரவலான தவறு. ஐஓ போர்ட்டை இன், அவுட் கட்டளைகளால்தான் தொட முடியும். முகவரி பூச்சியம் என்றால் கன்சோல் அணைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். அது பிழையில்லை, அமைதியாக அடுத்த வழிக்குப் போங்கள்.

ரெஜிஸ்டர்களுக்கு இடையேயான தூரமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. அணுகும் அளவு 1 என்றால் பைட், 3 என்றால் 32 பிட். 32 பிட்டாக அணுகும் 16550 இல் ரெஜிஸ்டர்கள் 4 பைட்டுக்கு ஒன்றாக இருக்கும். அணுகும் அளவு 0 என்று வந்தால் ரெஜிஸ்டரின் பிட் அகலத்தைப் பாருங்கள். ஃபர்ம்வேரே இதைத் தவறாகச் சொல்வதும் உண்டு. ஏபிஎம் எக்ஸ்-ஜீன் சில்லுகளின் யுஆர்ட் 32 பிட் இடைவெளி கொண்டது, ஆனால் அட்டவணை 8 பிட் என்கிறது. லினக்ஸில் அதற்கென்றே தனித் திருத்தம் இருக்கிறது. உங்கள் கெர்னலிலும் இப்படியான விதிவிலக்குகளைச் சேர்க்க ஓர் இடத்தை இப்போதே விட்டுவையுங்கள்.

பாட் ரேட் குறியீடு 3 என்றால் 9600, 4 என்றால் 19200, 6 என்றால் 57600, 7 என்றால் 115200. 0 என்றால் ஃபர்ம்வேர் வைத்ததை அப்படியே விடு என்று அர்த்தம். அந்த 0 ஐப் பார்த்துவிட்டுத் தாங்களாக 115200 என்று போடுபவர்கள் நன்றாக ஓடிக்கொண்டிருந்த போர்ட்டைக் கெடுக்கிறார்கள்.

6. எஸ்பிசிஆர் இல்லாவிட்டால்

டிபிஜி2 என்ற அட்டவணை இருக்கலாம். அதில் சாதனங்கள் பட்டியலாக வரும்; வகை ஹெக்ஸ் 8000 என்றால் சீரியல். ஆனால் அது டீபகருக்காக ஒதுக்கிய போர்ட். கன்சோலாக எடுப்பதைப் பயனர் கேட்டால் மட்டும் செய்யுங்கள்.

நான் சொல்லும் முன்னுரிமை இது: கெர்னல் கட்டளை வரியில் பயனர் சொன்னது, பிறகு எஸ்பிசிஆர், பிறகு அனுமதி இருந்தால் டிபிஜி2, எக்ஸ்86 இல் மட்டும் கடைசியாகப் பழைய 3எஃப்8. பயனர் சொன்னதை முதலில் வைப்பதற்குக் காரணம், அட்டவணை பொய் சொல்லும் கணினியில் தப்ப வேறு வழி கிடையாது.

7. டிவைஸ் ட்ரீ வழி

குளக்கட்டில் நீர்மட்டம் பார்க்க வைக்கிற மாதிரிச் சிறு போர்டுகளில் ஏசிபிஐ இருக்காது, இதுதான் வழி. எண்கள் எல்லாம் பிக் எண்டியன். ஒவ்வொன்றையும் திருப்பிப் படிக்க வேண்டும்.

சோஸன் என்ற முனையில் ஸ்டிடிஅவுட்-பாத் என்ற பண்பைத் தேடுங்கள். அதன் மதிப்பு முழுப் பாதையாக இருக்கலாம், அல்லது சீரியல்0 போன்ற புனைபெயராக இருக்கலாம். புனைபெயர் என்றால் அலியாசஸ் முனையில் போய் உண்மைப் பாதையை எடுங்கள். முக்காற்புள்ளிக்குப் பிறகு 115200என்8 என்று வேகமும் ஒட்டியிருக்கும். அதை வெட்டாமல் முழுச் சரத்தையும் முனையின் பெயர் என்று தேடுவதால்தான் பலருக்கு "முனை இல்லை" என்று வருகிறது.

முகவரி ரெக் என்ற பண்பில். அதை எத்தனை 32 பிட் துண்டுகளாகப் படிப்பது என்று சொல்வது தாய் முனை. தாய் முனை சொல்லாவிட்டால் முகவரிக்கு 2, அளவுக்கு 1. இடையில் பஸ் முனைகள் இருந்தால் ரேஞ்சஸ் பண்பின்படி முகவரியை ஒவ்வொரு படியாக மேலே மாற்றிக்கொண்டு போக வேண்டும். க்யூஎமுவின் ஆர்ம் விர்ட்டில் யுஆர்ட் வேர் முனைக்கு நேர் கீழே இருக்கிறது, ரிஸ்க்-வி விர்ட்டில் இடையில் ஒரு பஸ் முனை இருந்தாலும் அதன் ரேஞ்சஸ் வெறுமையானது, முகவரி மாறாது; ஆகவே இரண்டிலும் இது தேவைப்படாது. உண்மைப் போர்டில் தேவைப்படும். "க்யூஎமுவில வருது, போர்டில வரேல்லை" என்பதற்கு நான் முதலில் பார்க்கும் இடம் இதுதான்.

ரெஜிஸ்டர்களின் இடைவெளியையும் அணுகும் அகலத்தையும் சொல்லும் ரெக்-ஷிஃப்ட், ரெக்-ஐஓ-விட்த் என்ற இரண்டையும் தவறாமல் படியுங்கள். டிவைஸ் ட்ரீயும் ஏசிபிஐயும் இரண்டுமே இருந்தால் ஒன்றை மட்டும் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். முகவரியை ஒன்றிலும் இன்டரப்டை மற்றதிலும் எடுத்தால் இரண்டும் ஒத்துப்போகும் என்று உறுதியில்லை.

8. மேப்பிங்

முகவரி கிடைத்ததும் எழுதத் தாவுவது, வாய்க்கால் வெட்டாமல் துருசைத் திறப்பது மாதிரி. நினைவக வகை யுஆர்ட் என்றால் முதலில் அதைக் கேஷ் இல்லாத, சாதன வகை மேப்பிங்காகப் போடுங்கள். சாதாரண நினைவகமாக மேப் செய்தால் எழுதியது கேஷிலேயே தங்கும். பைட்டுகள் கம்பிக்குப் போகாது, அல்லது வரிசை மாறிப் போகும்.

முகவரி பேஜ் எல்லையில் தொடங்க வேண்டும் என்றில்லை. பேஜை மேப் செய்த பிறகு கீழ்ப் பிட்டுகளை மீண்டும் கூட்ட மறக்க வேண்டாம்.

அப்புறம், தொடக்கத்தில் போட்ட பேஜ் டேபிளை விட்டு நிரந்தரமானதற்கு மாறும் கணத்தைக் கவனியுங்கள். கன்சோல் இன்னும் பழைய மெய்நிகர் முகவரியைப் பிடித்திருந்தால் அந்த வரியோடு எல்லாம் நின்றுவிடும். புதிய டேபிளில் யுஆர்ட்டை முதலே மேப் செய்து, மாறியவுடன் கன்சோலின் சுட்டியையும் மாற்றுங்கள்.

9. முதல் எழுத்தை அனுப்புதல்

16550 என்றால் 5 ஆவது ரெஜிஸ்டரில் 5 ஆம் பிட் 1 ஆகும் வரை காத்திருந்து 0 ஆவதில் எழுதுவது. ஆனால் போர்ட்டே இல்லாத முகவரியைப் படித்தால் எக்ஸ்86 இல் எல்லாப் பிட்டும் 1 ஆக வரும். அந்த 5 ஆம் பிட்டும் 1 தான், கெர்னல் மகிழ்ச்சியாக வெறுங்காற்றில் எழுதிக்கொண்டிருக்கும். முழுப் பைட்டும் ஹெக்ஸ் எஃப்எஃப் என்றால் போர்ட் இல்லை என்று எடுங்கள். காத்திருக்கும் சுற்றுக்கு ஒரு வரம்பும் வையுங்கள். சீரியல் இல்லையென்பதற்காகக் கெர்னல் பூட் ஆகாமல் நிற்கக்கூடாது.

பிஎல்011 இல் ஃபிளாக் ரெஜிஸ்டர் ஹெக்ஸ் 18 இல். அதன் 5 ஆம் பிட் 1 என்றால் அனுப்பும் வரிசை நிறைந்திருக்கிறது, அதாவது 16550 க்கு நேர் எதிர்ப் பொருள். எஸ்பிஎஸ்ஏ யுஆர்ட் பிஎல்011 இன் ஒரு பகுதி மட்டுமே, அதில் பாட் ரேட் ரெஜிஸ்டர்கள் இல்லை. வகை 14 என்று வந்தால் வேகத்தை அமைக்கும் கோடை முழுதாகத் தாண்டுங்கள்.

வேகத்தை மாற்றத்தான் வேண்டுமென்றால், கடிகாரத்தை 16 ஆலும் பாட் ரேட்டாலும் வகுங்கள். பிசியில் 1843200 ஐ இப்படி வகுத்தால் 115200 க்கு 1 வரும். க்யூஎமுவின் ரிஸ்க்-வி இயந்திரத்தில் கடிகாரம் 3686400, ஆகவே 2. மாற்றுமுன் ஃபர்ம்வேர் அனுப்பிக்கொண்டிருப்பது முடியும் வரை பொறுங்கள்.

திரையில் தெரிவதை வைத்துப் பிழையைப் பிடிக்கலாம். குப்பை எழுத்துகள் வந்தால் வேகம் அல்லது கடிகாரம் பிழை. எழுதிவிட்டுப் பிறகு காத்திருக்கும் கோடில் முதல் எழுத்து மட்டும் சரியாக வந்து அப்புறம் நின்றால் ரெஜிஸ்டர் இடைவெளி பிழை: 0 ஆவது ரெஜிஸ்டருக்கு இடைவெளி பொருட்டில்லை, 5 ஆவதற்குத்தான் பொருட்டு. ஒன்றுமே வராவிட்டால் மேப்பிங்கையும் ரெஜிஸ்டர் இடைவெளியையும், அப்புறம் கேபிளையும் பாருங்கள்.

10. முழு டிரைவரிடம் ஒப்படைத்தல்

இதுவரை இருந்தது இன்டரப்ட் இல்லாத ஆரம்பக் கன்சோல். பின்னால் முழு டிரைவர் அதே யுஆர்ட்டைத் தானாகவும் கண்டுபிடிக்கும். இரண்டும் ஒன்றே என்று பௌதிக முகவரியை ஒப்பிட்டு அறிய வேண்டும். இல்லாவிட்டால் செய்திகள் இரட்டிப்பாக வரும், அல்லது டிரைவர் ஃபிஃபோவை (அனுப்பக் காத்திருக்கும் பைட்டுகளின் வரிசையை) வெறுமையாக்கும்போது பாதிச் செய்தி தொலையும்.

பழைய ஐஆர்க்யூ 4 ஐ, இன்டரப்டுகளைப் பிரித்தனுப்பும் ஐஓ ஏபிக்குக்கு அப்படியே கொடுக்காதீர்கள். இன்டரப்ட் விவரங்கள் உள்ள எம்ஏடிடி அட்டவணையில் மாற்று எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

11. சோதிக்கும் ஒழுங்கு

ரிஸ்க்-வி விர்ட்டில் தொடங்குங்கள், அங்கே 16550 ஹெக்ஸ் 10000000 இல் இருக்கிறது. அடுத்து ஆர்ம் விர்ட்டில் டிவைஸ் ட்ரீயோடு. பிஎல்011 ஹெக்ஸ் 09000000 இல். பிறகு அதே ஆர்ம் விர்ட்டை யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேரோடு ஓட்டினால் எஸ்பிசிஆர் கிடைக்கும்.

எக்ஸ்86 இல் ஒரு நல்ல சோதனை உண்டு. ஐஏஎஸ்எல்லால் எஸ்பிசிஆர் மாதிரி ஒன்றை உருவாக்கி, முகவரியை ஹெக்ஸ் 2எஃப்8 என்று மாற்றி, க்யூஎமுவின் ஏசிபிஐ அட்டவணை சேர்க்கும் விருப்பத்தால் உள்ளே செருகுங்கள். க்யூஎமுவுக்கு இரண்டு சீரியல் போர்ட்டுகள் கொடுங்கள். எழுத்து இரண்டாவதில் வந்தால் கெர்னல் உண்மையில் அட்டவணையைப் படிக்கிறது. முதலாவதில் வந்தால் எங்கோ பழைய 3எஃப்8 இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அதே அட்டவணையைக் கெடுத்தும் பாருங்கள்: செக்சம் பிழையாக (க்யூஎமுவின் அந்த விருப்பம் செக்சமைத் தானே திருத்திவிடும், ஆகவே இதை டீபகரால் நினைவகத்தில் மாற்றுங்கள்), நீளம் 60 ஆக, முகவரி பூச்சியமாக. மூன்றிலும் கெர்னல் பூட் ஆகி, காரணத்தை நினைவக லாக்கில் எழுதியிருக்க வேண்டும்.

உண்மைக் கணினியில் ஓட்டும்போது பயாஸ் அமைப்பில் கன்சோல் ரீடைரக்ஷன் என்ற விருப்பத்தை ஒரு தடவை போட்டும் ஒரு தடவை அணைத்தும் பூட் செய்யுங்கள். பல கணினிகளில் அதை அணைத்தால் எஸ்பிசிஆரே காணாமல் போகும். இரண்டு நிலையிலும் லாக் என்ன சொல்கிறது என்பதை, தொடக்கத்தில் தாளில் எழுதி வைத்ததோடு ஒப்பிடுங்கள்.